சம்பந்தி தைத்துத் தந்த ஜாக்கெட்

ஜாக்கெட் கையைப் பற்றி உட்கார்ந்து எழுத ஒரு ஆள் வேண்டுமா என்று நீங்கள் கேட்கலாம். நான் பத்தாவது வரை படித்தவள். கடிதம்கூட அதிகம் எழுதியதில்லை. நாலு பேர் கூடிய இடத்தில் வாய் திறக்கக் கூச்சப்படுகிறவள். நான் ஒரு விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் கேட்கிறவர்கள் வேறு பக்கம் திரும்பிவிடுவார்கள். அப்படிப்பட்டவள் எழுத வந்தது அதிகப்பிரசங்கித்தனம் என்றால் பொறுத்துக்கொள்ளுங்கள். வாயால் சொல்ல வராததால்தான் எழுதுகிறேன்.

மூன்று வருடத்துக்கு முன் என் இடது மார்பில் கட்டி வந்தது. புற்றுநோய் என்றார்கள். மார்பை எடுத்தார்கள். அக்குளில் இருந்த நெறிகளையும் சேர்த்து எடுத்தார்கள். மருந்து ஏற்றினார்கள், முடி கொட்டியது, பிறகு முளைத்தது. இனி பயமில்லை என்று டாக்டர் சொன்ன பிறகுதான் இடது கை வீங்க ஆரம்பித்தது. நெறி எடுத்தவர்களில் சிலருக்கு இப்படி ஆகுமாம். கையில் ஊறுகிற நீர் வடிய வழியில்லாமல் அங்கேயே தேங்கிவிடுமாம். வலி பெரிதாக இல்லை. ஆனால் வலது கை என்னுடையதாகவும் இடது கை வேறொரு பருத்த பெண்ணுடையதாகவும் ஆகிப்போனது.

சொந்தக்காரர்களிடம் கர்ப்பப்பை ஆபரேஷன் என்று சொல்லியிருந்தோம். அப்படிச் சொன்னால் யாரும் மேற்கொண்டு கேட்க மாட்டார்கள். எங்கள் பக்கத்தில் பாதிப் பெண்கள் அதை எடுத்துவிட்டவர்கள்தான். முடி கொட்டியதற்குத் திருத்தணியில் வேண்டுதல் என்றோம். என் கணவர் அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டுகிறார். அதிகம் பேச மாட்டார். இந்த விஷயத்தில் மட்டும் முதல் நாளே தெளிவாகச் சொல்லிவிட்டார்: "பொண்ணு கல்யாணத்துக்கு நிக்கிறா. அம்மாவுக்கு வந்தது பொண்ணுக்கும் வரும்னு ஒருத்தன் சொல்லிட்டான்னா போதும், ஒரு பய நம்ம வாசல மிதிக்க மாட்டான்."

எங்களுக்கு ஒரே மகள். அவர் சொன்னது சரி என்றுதான் எனக்கும் பட்டது.

நம் புடவையில் முந்தானை இடது தோளில் விழுகிறது. அது எனக்குப் பெரிய ஒத்தாசை. மடித்துக் குத்தாமல் ஒற்றையாக விட்டால் இடது கை முழுக்க அதற்குள் போய்விடும். வீட்டில் தோல் நிறத்தில் ஒரு இறுக்கமான உறையைக் கையில் மாட்டிக்கொள்வேன், ஆஸ்பத்திரியில் கொடுத்தது. ஜாக்கெட்டை இரண்டு தெரு தள்ளி இருக்கும் ஒரு பெண் தைத்துத் தருவாள். அவளுக்கு மட்டும் விஷயம் தெரியும். துணி வெட்டும்போது இடது கைத் துணியில் சாக்கட்டியால் ஒரு பெருக்கல் குறி போட்டுக்கொள்வாள். பெரிய கையை வலது பக்கம் வைத்துத் தைத்துவிடக் கூடாது அல்லவா. முடித்து மடித்துத் தரும்போது இரண்டு கையையும் உள்பக்கமாகத் தள்ளி மடிப்பாள். நான் சொல்லாமலே செய்வாள்.

இப்படி ஓடிக்கொண்டிருந்தபோது மகளுக்கு வரன் அமைந்தது. ஆவடியில் மளிகைக் கடை வைத்திருக்கும் குடும்பம். பையன் ஒரே பிள்ளை, தன்மையானவன். பெண் பார்த்துப் போன பிறகு இரண்டு பேரும் போனில் பேசிக்கொண்டார்கள், அதுவும் எங்களுக்குச் சம்மதம்தான். நிச்சயத்தை வானகரத்தில் ஒரு சின்ன ஹாலில் வைத்துக்கொள்வது என்று பேசி முடித்தார்கள். எல்லாரும் சந்தோஷமாக இருந்தார்கள். எனக்கு மட்டும் அன்றிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை. நிச்சயத்தில் பெண்ணின் அம்மா தட்டு மாற்ற வேண்டும். இரண்டு கையையும் நீட்டி, சபைக்கு முன்னால்.

மகள் அதற்கும் வழி பார்க்கலாம் என்றாள். அவளுக்குத் துணிமணியில் ருசி அதிகம். முகப்பேரில் அவள் ஆபீசுக்குப் பக்கத்திலேயே டிசைன் பிளவுஸ் விற்கிற நாலைந்து கடைகள் இருக்கின்றன, மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் போய்ப் படம் எடுத்துக்கொண்டு வருவாள். சாயந்திரம் என் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தள்ளுவாள்.

"இது எப்டிம்மா இருக்கு?"

"கை தெரியுதே."

"எல்லா பிளவுஸ்லயும் கை தெரியத்தாம்மா செய்யும்."

அவள் பார்த்தது அழகை. நான் பார்த்தது ஒன்றை மட்டும்தான், அந்தக் கைக்குள் என் இடது கை ஒளியுமா ஒளியாதா என்று. பஃப் கை தோளில் நன்றாகப் புடைத்து நின்றது. ஆனால் அது முழங்கைக்கு மேலே வந்து இறுக்கிப் பிடிக்கும், எனக்கு ஆகாத இடமே அதுதான். பட்டாம்பூச்சி மாதிரி விரியும் குட்டைக் கை எனக்குச் சரிவராது. தோளில் ஓட்டை விட்ட ஒன்றைக் காட்டி அவளே சிரித்துவிட்டுத் தள்ளினாள். மணிக்கட்டு வரை முழுக்கை வைத்தால் எல்லாம் மறையும். ஆனால் இந்த வெயிலில் முழுக்கை போட்டுக்கொண்டு நின்றால் போகிற வருகிறவர்கள் எல்லாம் காரணம் கேட்பார்கள். பார்டர் வைத்து முழங்கை வரை வரும் கைதான் எல்லாரும் போடுவது, அது குழாய் மாதிரி கையை அப்படியே வரைந்து காட்டும்.

கடைசியில் ஒன்றைக் கண்டுபிடித்தாள். பெல் கை. தோளில் சாதாரணமாகத் தொடங்கி முழங்கையில் மணியின் வாய் போல விரிவது.

"ரெண்டு கையயும் பெரிய அளவுக்கே வெட்டிட்டா யாருக்கும்மா தெரியும்? டிசைனே அப்டின்னு நெனச்சிப்பாங்க. உனக்கு டீச்சர் களை வந்துரும் பாரேன்."

"பத்தாவது படிச்ச டீச்சரா?"

"ரெண்டாங்கிளாசுக்குப் போதும்."

தையல்காரப் பெண் மறுப்பேதும் சொல்லவில்லை. அரக்குப் பட்டில் வெட்டி, ஊசி நூலால் ஓட்டிக் கொண்டுவந்து போட்டுப் பார்க்கச் சொன்னாள். இரண்டு கையும் ஒரே மாதிரி விரிந்து விழுந்தன. கையை நீட்டினேன், மடக்கினேன், தட்டு எடுப்பது போல வைத்துப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. அன்றைக்குத்தான் வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

அதற்கப்புறம் ஒரு வாரம்கூடப் போகவில்லை. ஒரு மத்தியானம் சம்பந்தியம்மா ஆட்டோவில் வந்து இறங்கினார். சொல்லிவிட்டு வருகிற வழக்கம் அவரிடம் இல்லை.

"இன்னா சம்பந்தி, கேட்ட தொறக்க இவ்ளோ நேரமா? மாப்ள ஊட்டு ஆளுங்க வந்தா மேளம் வெச்சிகினு நிக்கணும், தெரியும்ல," என்று சிரித்துக்கொண்டே உள்ளே வந்தார். நைட் ஷிப்ட் முடித்துப் படுத்திருந்த என் கணவர் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார். "அண்ணாத்தே தூக்கத்த கெட்த்துட்டேனா? போய் படுங்க, எனக்கு சம்பந்தியாண்டதான் வேல."

நான் முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டேன். உறை போட்டிருந்தேன். தண்ணீர் கொடுக்கும்போது வலது கையால் மட்டும் கொடுத்தேன்.

பையிலிருந்து போனை எடுத்து ஒரு படத்தைக் காட்டினார். கத்தரிப்பூ நிறத்தில் ஒரு ஜாக்கெட். கை முழுக்க வலை மாதிரி நெட், உள்ளே துணி கிடையாது. முழங்கை விளிம்பில் ஆரி வேலை, சின்னச் சின்னக் கற்கள்.

"பாரு. உனக்கும் எனக்கும் ஒரே பொடவ, ஒரே டிசைனு. கை அப்டியே பளபளன்னு தெரியும். சும்மா ரெட்டப் புள்ள மாறி நின்னம்னா வர்றவங்கோ அசந்து பூடணும்."

"நான் ஏற்கெனவே தைக்கக் குடுத்துட்டேங்க," என்றேன்.

"நீங்க நாங்கன்னாத, எனக்கு வாய் கோணிக்கினு வருது. குடுத்தா இன்னா, அத வேற எதுக்காச்சும் போட்டுக்கோ. எங்க ஊட்ல ஒரு பழக்கம் கீது. பொண்ணோட அம்மாவுக்குத் துண்டுத் துணிய வெச்சி குடுக்க மாட்டோம். தச்சி முடிச்சி, போட்டுக்கற மாறி குடுப்போம். அத போட்டுக்கினுதான் அவங்கோ தட்டு மாத்தணும். எனக்குப் பொண்ணு கெடையாது. ஒரே புள்ள. இந்த ஒரு ஆச."

"வயசாயிடுச்சு, நெட்டெல்லாம் போட்டா..."

"உனக்கு வயசா? உன்ன விட நாலு வயசு பெரியவ நானு. அப்ப என்ன மூலையில குந்த சொல்றியா?" என் கணவரைத் திரும்பிப் பார்த்தார். "நீங்களே சொல்லுங்கண்ணாத்தே, சம்பந்திக்கு வயசாயிட்சா?"

அவர் சிரித்து வைத்தார்.

"சரி, அளவு ஜாக்கெட் ஒண்ணு எட்த்தா, கெளம்புறேன். கடைய அவரு தனியா பாத்துகினு கீறாரு."

நான் உள்ளே போய்ப் பீரோவைத் திறந்தேன். அந்த இடத்தில் எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. மேல் தட்டில் இப்போது போடுகிற ஜாக்கெட்டுகள். எதைக் கொடுத்தாலும் தையல்காரர் மேசையில் விரித்துப் போட்டதும் தெரிந்துவிடும், ஒரு கை சின்னது, ஒரு கை பெரியது. அவர் போன் போட்டுக் கேட்பார், இது என்னம்மா, இப்படித்தான் தைக்கணுமா என்று. சம்பந்தியம்மா வந்து கேட்பார். அடித் தட்டில் பழைய ஜாக்கெட்டுகள், நோய்க்கு முன்னால் தைத்தவை. இரண்டு கையும் சமமாக இருக்கும். ஆனால் அந்த அளவில் தைத்து வந்தால் என் இடது கை அதற்குள் போகாது. போகாத ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டுதான் நான் தட்டு மாற்ற வேண்டும்.

கொடுத்தாலும் தெரியும், கொடுக்காவிட்டாலும் தெரியும். அளவெடுக்க நானே வருகிறேன் என்றால் அதைவிட மோசம்.

"இன்னா சம்பந்தி, பீரோவுக்குள்ள பூந்துட்டியா?" என்று ஹாலில் இருந்து குரல் வந்தது.

கணவர் உள்ளே வந்தார். என் இரண்டு கையிலும் ஒவ்வொரு ஜாக்கெட் இருந்ததைப் பார்த்தார். பழையதை எடுத்துக்கொண்டார். "இதக் குடுத்துடலாம். வரட்டும், அப்பறம் பாத்துக்கலாம்," என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனார். ஹாலில் சம்பந்தியம்மா அதை உதறிப் பார்த்து, "குச்சி மாறி கீறா பாரு, நான்தான் போண்டா மாறி ஊதிட்டேன்," என்று சிரிப்பது கேட்டது.

சாயந்திரம் விஷயம் தெரிந்ததும் மகள் பையைத் தோளிலிருந்து கழற்றாமலே நின்றாள். "சொல்லிட்டா என்னப்பா ஆயிடும்?" என்றாள்.

"கல்யாணம் நின்னுடும்."

"அப்பா, நான் ஒண்ணு சொல்லட்டா..."

"நீ ஒண்ணும் சொல்ல வேணாம். பெரியவங்க பாத்துப்போம்." டிவி சத்தத்தைக் கூட்டிவிட்டார்.

ஜாக்கெட்டைக் கைக்குத் தகுந்தபடி மாற்ற வழியில்லை என்று ஆனதும், கையை ஜாக்கெட்டுக்குத் தகுந்தபடி மாற்றப் பார்த்தேன். உப்பை விட்டேன். வெறும் சோற்றில் மோரை ஊற்றிச் சாப்பிட்டேன். படுக்கும்போது மூன்று தலையணை அடுக்கிக் கையை அதன்மேல் தூக்கி வைத்தேன். உறைக்கு மேலே பட்டைத் துணியை இறுக்கிச் சுற்றினேன். ஒரு நாள் டேப் வைத்து அளந்தால் இரண்டு நூல் குறையும். மறுநாள் ஒரு வாளித் தண்ணீர் தூக்கினால் மூன்று நூல் ஏறிவிடும். தண்ணீர் தூக்குவதையும் நிறுத்தினேன். கணவர் துணி துவைத்தார். திருவேற்காட்டு அம்மனுக்கு வேண்டிக்கொண்டேன். உயிருக்கு ஆபத்து என்றபோதுகூட நான் அப்படி அழுது வேண்டவில்லை.

ஆஸ்பத்திரியில் கைப்பயிற்சி சொல்லித் தருகிற பெண் துணியைப் பிரித்துப் பார்த்துவிட்டு என்னைத் திட்டினாள். "யாரு இவ்ளோ டைட்டா கட்டச் சொன்னது? வெரலப் பாருங்க, கத்தரிக்கா மாதிரி ஆயிருக்கு. இப்டிக் கட்டினா எறங்காதும்மா, ஏறும்." அவள் சொன்னது உண்மைதான், விரல்களும் வீங்கியிருந்தன. நல்லவேளை, நான் மோதிரம் போடுவது வலது கையில் என்று மட்டும் நினைத்துக்கொண்டேன்.

நிச்சயத்துக்கு இரண்டு நாள் முன் ஜாக்கெட் வந்தது. கணவர் ஆவடிக்குப் போய் வாங்கி வந்தார். புடவை, பூ, குங்குமம் எல்லாம் சேர்த்து மஞ்சள் தட்டில் வைத்துக் கொடுத்திருந்தார் சம்பந்தியம்மா. ஜாக்கெட் அவ்வளவு அழகு. விளிம்பில் தாமரை மொட்டுகள் போட்டு, ஒவ்வொரு மொட்டின் நுனியிலும் ஒரு கல். இப்படி ஒன்றை நான் ஆயுளில் போட்டதில்லை.

கதவைத் தாழ் போட்டுக்கொண்டு போட்டுப் பார்த்தேன். வலது கை வழுக்கிக்கொண்டு போனது. இடது கை முழங்கைக்குக் கீழேயே நின்றுவிட்டது. இழுத்தேன். கற்கள் தோலில் கீறின, ஒரு சொட்டு ரத்தம் வந்தது. அந்தக் கையில் சின்னக் கீறல்கூடப் படக் கூடாது என்று டாக்டர் பலமுறை சொல்லியிருக்கிறார். எனக்கு அது பெரிதாகத் தெரியவில்லை. எண்ணெய் தடவிக்கொண்டு மறுபடி இழுத்தேன். பிறகு அப்படியே, ஒரு கை உள்ளேயும் ஒரு கை வெளியேயுமாகத் தரையில் உட்கார்ந்து அழுதேன்.

தையல்காரப் பெண் உள்பக்கத்தைப் புரட்டிப் பார்த்தாள். "என்னக்கா இது, உள்ள கொஞ்சம்கூட துணி விடலயே. ஒட்ட நறுக்கி ஓவர்லாக் அடிச்சிட்டாங்க. எதப் பிரிச்சி விடறது?"

"கையையே மாத்திடலாமா?"

"கைய மாத்திட்டா அவங்க தச்ச ஜாக்கெட்டுன்னு எப்டிச் சொல்லுவீங்க?"

இரண்டு பேரும் அம்பத்தூர் கடைகளில் அந்த நிற நெட்டைத் தேடினோம். கிடைத்தது ஒரு சாயல் கூடுதலாக இருந்தது. அடிக் கையில், அக்குளில் இருந்து முழங்கை வரை ஒரு பட்டையாக அதை விட்டுத் தைத்துக் கொடுத்தாள். "கைய தூக்காம இருந்தா தெரியாதுக்கா," என்றாள்.

"தட்டு மாத்தணுமே."

யோசித்தாள். "கொஞ்சமா தூக்குங்க."

கை உள்ளே போனது. ஆனால் நெட்டுக்குள்ளே உறை போட முடியாது, தெரியும். உறை இல்லாத கை நெட்டின் கண்களில் பிதுங்கிக்கொண்டு நின்றது. முந்தானையை ஒற்றையாக விடலாம், அது ஒன்றுதான் மிச்சம் இருந்த வழி. காய்ச்சல் என்று சொல்லிப் போகாமல் இருந்துவிடலாமா என்றுகூட நினைத்தேன். பெண்ணின் நிச்சயத்துக்கு அம்மா வராமல் இருக்க எந்தக் காய்ச்சலும் போதாது.

நிச்சயத்தன்று காலை வானகரம் ஹாலில் மகளுக்கு அலங்காரம் முடிந்திருந்தது. அறையில் நானும் அவளும் மட்டும். என் கணவரும் பாரிவாக்கத்தில் இருந்து வந்த அவர் சொந்தக்காரர்களும் வெளியே இருந்தார்கள். நான் முந்தானையைத் தோளில் போட்டுக் கையை உள்ளே வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். சம்பந்தியம்மா கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். அதே புடவை, அதே நெட் கை. முகமெல்லாம் சிரிப்பு.

"எங்க, எழுந்து நில்லு, பாப்போம். இன்னா சம்பந்தி, குளுருக்குப் போத்திக்கினா மாறி போத்திக்கினு கீற. இதுக்கா நான் டைலராண்ட நாலு தபா போய் சண்ட போட்டேன்? மடிச்சிக் குத்து. கை தெரியட்டும்."

"இப்டியே இருக்கட்டும்," என்றேன்.

"இரு, நானே குத்தறேன்." தாலிச் சரடிலிருந்து ஒரு ஊக்கை எடுத்துப் பல்லில் கடித்துக்கொண்டார். என் முந்தானையைப் பிடித்து மேலே தூக்கி மடிப்பு எடுக்க ஆரம்பித்தார். அவர் அன்பாகத்தான் செய்தார். தடுக்க எனக்குத் தெரியவில்லை. மூன்றாவது மடிப்பில் அவர் விரல்கள் நின்றன.

ஊக்கை வாயிலிருந்து எடுத்தார்.

"இன்னா கைடி இது," என்றார்.

"வீக்கம்."

"எங்கனா விழுந்தியா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். மூன்று வருடமாக அதற்கெல்லாம் பதில் தயாராக வைத்திருந்தவள்தான். ஆனால் அவர் என் கையை இரண்டு உள்ளங்கையிலும் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். குழந்தையின் கையைப் பிடிப்பது போல. அப்படிப் பிடித்திருக்கிறவரிடம் எனக்குப் பொய் வரவில்லை.

"கேன்சர் வந்து மார எடுத்துட்டாங்க. அதனால வீங்கிப் போச்சு," என்றேன்.

"எப்போ?"

"மூணு வருசம் ஆச்சு. இப்ப ஒண்ணும் இல்ல. சரியாப் போச்சுன்னு சொல்லிட்டாங்க."

"கர்ப்பப்பைன்னு சொன்னியே."

அவர் மகளைத் திரும்பிப் பார்த்தார். "எம்புள்ளைக்குத் தெரியுமா இது?"

"தெரியும் அத்தை. பேச ஆரம்பிச்ச மொத மாசமே சொல்லிட்டேன்," என்றாள் மகள். "உங்ககிட்ட அவரே சொல்றேன்னாரு. சொல்லலன்னு இப்பதான் தெரியுது."

எனக்கே அது தெரியாது. பயந்து பயந்து நான் மறைத்த கையைப் பற்றி அந்தப் பையனுக்கு முதலிலிருந்தே தெரிந்திருக்கிறது.

சம்பந்தியம்மா சுவரில் சாய்ந்து நின்றார். குரல் மிகவும் இறங்கியிருந்தது. "எல்லாருக்கும் தெரிஞ்சிதான் கீது. கேணச்சி மாறி நான் ஒருத்திதான் நெட்டு, கல்லுன்னு அலஞ்சிகினு இருந்திருக்கேன். ஏன் சம்பந்தி, ஒரு வார்த்த சொல்லியிருந்தா அந்தக் கைய பெருசா தைக்கச் சொல்லியிருப்பேனே."

வெளியே யாரோ பெண்ணை அழைத்து வரச் சொல்லிக் கூப்பிட்டார்கள். அவர் சட்டென்று நிமிர்ந்து, எடுத்த மடிப்புகளை எல்லாம் உதறி, முந்தானையை என் கைமேல் முழுக்க விரித்து, தோளில் மட்டும் ஊக்கைக் குத்தினார். ஊக்கு ஒருமுறை என் தோளில் ஏறியது. "எங்க ஓரகத்தி வெளில நிக்கறா. அவ கண்ணுல பட்டா முடிஞ்சிது. உள்ளயே வெச்சிக்கோ," என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார்.

தட்டு மாற்றினோம். என் பக்கத்துத் தட்டை நான் வலது கையால் பிடித்தேன், இடது கை முந்தானைக்குள் இருந்தபடியே அடியில் பட்டும் படாமலும் இருந்தது. எதிரில் இருந்து சம்பந்தியம்மா நன்றாக முன்னால் சாய்ந்து தட்டின் கனத்தை முழுக்க வாங்கிக்கொண்டார். என் முகத்தைப் பார்க்கவில்லை. போட்டோ எடுத்தவர், "ரெண்டு அம்மாவும் ஒரே டிசைன், சூப்பரா இருக்கு. கைய கொஞ்சம் முன்னாடி வைங்கம்மா," என்றார். "அதெல்லாம் வேணாம் தம்பி, நிக்கறத எடு," என்றார் அவர். என் இடது பக்கம் வந்து ஒட்டி நின்றார். என்னை மறைத்து நின்றாரா, தன் மானத்தை மறைத்து நின்றாரா, எனக்கு இன்றுவரை தெரியாது. அந்தப் படத்தில் இரண்டு பேரும் சிரிக்கவில்லை.

பந்தியில் அவர் என்னைக் கூப்பிடவில்லை. கிளம்பும்போதுதான் படிக்கட்டருகே வந்தார். என் கணவரும் கூட இருந்தார்.

"பொண்ண ஒரு தபா டாக்டராண்ட காட்டுங்க. காட்டிட்டு சொல்லுங்க. அப்பால கல்யாணத் தேதி பேசலாம்."

"அவளுக்கு அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்க..." என்று இவர் ஆரம்பித்தார்.

"ஒண்ணும் இல்லன்னு நீங்க சொல்லாதீங்கண்ணாத்தே. நீங்க சொன்னதெல்லாம் போதும்." என் பக்கம் திரும்பினார். "நீ அத கழட்டு மொதல்ல. ஊட்டுக்குப் போனதும் கழட்டு."

வண்டியில் மகள் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள், தலை நிறையப் பூவோடு. மதுரவாயல் தாண்டினோம். பிறகு நான், "பயமா இருக்கா?" என்று கேட்டேன்.

"எனக்கு எப்பவும் பயந்தாம்மா. உனக்கு வந்த நாள்லேருந்து," என்றாள். "நீ இன்னிக்குத்தான் கேக்கற."

வெளியே பார்த்துக்கொண்டாள். அவர்கள் என் கையைப் பார்த்துவிடுவார்களோ, கல்யாணம் நின்றுவிடுமோ என்று மட்டும்தான் நான் இத்தனை நாளும் பயந்தேன். அவளுக்கு வந்துவிடுமோ என்ற பயம் எனக்குள் இருந்திருக்கும், இல்லாமல் இருக்காது. அதை நான் எங்கே கொண்டுபோய் வைத்திருந்தேன் என்று தெரியவில்லை. அவளோ தினமும் என் பக்கத்தில் உட்கார்ந்து பஃப் கை, பெல் கை என்று போனைத் தள்ளிக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் ஜாக்கெட்டைக் கழற்ற முடியவில்லை. உறை இல்லாமல் காலையில் இருந்து தொங்கிக் கிடந்த கை, இரண்டு மடங்காகியிருந்தது. கற்கள் தோலில் பதிந்துவிட்டன. மகள் கத்தரிக்கோலை எடுத்து விளிம்பிலிருந்து தோள் வரை அந்த நெட்டை மெதுவாக வெட்டி எடுத்தாள். தாமரை மொட்டுகள் மேல் படாமல் வெட்டப் பார்த்தாள். ஒன்று மட்டும் அறுந்து போனது.

மறுநாள் அவள் ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு ஸ்கேன் எடுக்கப் போனாள். அவள் அப்பா கூடப் போனார். முடிவு வர நாலு நாள் ஆகும் என்று சொல்லி அனுப்பினார்கள். நான் வீட்டில் இருந்தேன்.